தவறென்று தெரிந்த அணு மாதிரிகளை ஏன் படிக்க வேண்டும்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று அணு மாதிரிகளை வரிசையாகப் படிக்கிறாள். ஒவ்வொன்றின் முடிவிலும் "குறைபாடுகள்" என்ற பட்டியலையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. "எல்லாமே தவறென்றால் கடைசியில் உள்ளதை மட்டும் படித்தால் போதாதா? அதுவும் நாளைக்குத் தவறாகிவிடாதா?" என்று அவள் கேட்டபோது தமக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். மதுரைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்கத் துணிந்த மாணவர்கள் மிகச் சிலரே.

குறைபாடுகளைப் பட்டியலாக அச்சிடுவதால், ஒருவர் ஒரு படம் வரைந்தார், அடுத்து வந்தவர் அதைவிட நல்ல படம் வரைந்தார் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிடுகிறது. நடந்தது அப்படி இல்லை. ஒவ்வொரு மாதிரியும் ஏதோ ஓர் அளவீட்டுக்குக் கொடுக்கப்பட்ட விடை. மாதிரி மாறிய பிறகும் அந்த அளவீடு மாறவில்லை. பழைய அளவீட்டுக்குக் கணக்குச் சொல்ல முடியாத எந்தப் புதிய மாதிரியும் நிலைக்கவில்லை. உங்கள் மகள் படங்களை விட்டுவிட்டு அளவீடுகளைப் பின்தொடர்ந்தால், இந்தப் பாடம் வேறு விதமாகத் தெரியும்.

அணு என்ற சொல் நமக்குப் புதிதன்று. மணிமேகலையில் ஆசீவகச் சமயத்தின் கொள்கையாக, நிலம், நீர், தீ, காற்று ஆகிய நால்வகை அணுக்களும் உயிரும் பேசப்படுகின்றன. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியின் சமணர் மலையில் தங்கித் தவம் செய்த துறவிகளின் சமயத்திலும் பிரிக்க முடியாத பரமாணு என்ற கருத்து உண்டு. கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸும் கிறித்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை ஒத்த கருத்தைச் சொன்னார். இவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அறிவியலின் அணுக்கொள்கை இவற்றிலிருந்து தொடர்ச்சியாக வளர்ந்ததாகச் சொல்வது சரியாகாது. பருப்பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் எங்காவது நிற்க வேண்டும் என்பது சிந்தனையால் எட்டிய முடிவு. ஓர் அணுவின் எடை இன்னோர் அணுவின் எடையைப் போல எத்தனை மடங்கு என்று கேட்பதற்கு அந்தச் சிந்தனையில் வழி இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆசிரியராக வாழ்ந்த ஜான் டால்டன். நம் வீட்டில் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நான்குக்கு ஒன்று என்று போடுவார்கள். நான்கே காலுக்கு ஒன்று போட்டாலும் இட்லி வந்துவிடும். வேதிச் சேர்மங்கள் அந்த நெகிழ்வுக்கு இடம் கொடுப்பதில்லை. 3 கிராம் கார்பன் 4 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 8 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு. இடையில் 5 கிராமோடு சேர்ந்த ஒரு பொருள் கிடையாது. நான்கு, எட்டு என்று சரியாக இரு மடங்காகத் தாவுவது ஏன்? ஆக்சிஜன் எண்ணக்கூடிய துண்டுகளாக இருந்து, ஒரு கார்பன் துண்டோடு ஒன்றோ இரண்டோ சேர்வதாகக் கொண்டால் விளங்கிவிடுகிறது. 1803இல் தொடங்கி 1808இல் நூலாக வெளியிட்ட டால்டனின் கொள்கையின் உயிர் இதுதான். பாடநூலில் வரும் "கெட்டியான கோளம்" இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லாத ஒரு படம். அதைத் தூக்கி எறிந்தாலும் கணக்கு நிற்கும். இன்று வரை நிற்கிறது.

டால்டன் செய்த உண்மையான பிழை வேறு. நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார், ஆகவே ஆக்சிஜனின் அணு எடை அவருக்கு 16 என்று வரவில்லை, 1808இல் 7 என்று வந்தது. இதைச் சரிசெய்வதற்கான வழியை 1811இலேயே அவகாட்ரோ காட்டியும், 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் கூடிய மாநாட்டில் கன்னிசாரோ அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் வேதியியலர்கள் ஏற்கத் தொடங்கினார்கள். அந்தச் சரியான எடைகள் கையில் கிடைத்ததால்தான் 1869இல் மெண்டலீவால் தனிமங்களை வரிசைப்படுத்த முடிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஆஸ்ட்வால்டு போன்ற பெரிய வேதியியலர்கள் அணு என்பது கணக்குக்கு உதவும் கற்பனை மட்டுமே என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத நடுக்கத்துக்கு 1905இல் ஐன்ஸ்டைன் எழுதிய கணக்கை, 1908இல் பாரிஸில் ழான் பெரன் நுண்ணோக்கியில் துகள் துகளாக அளந்து உறுதிப்படுத்திய பிறகே ஆஸ்ட்வால்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அணு உண்மையில் இருக்கிறதா என்ற வாதம் முடிவதற்கு முன்பே, அணுவுக்குள் இருந்து ஒரு துண்டு வெளியே வந்துவிட்டது என்பது இந்த வரலாற்றின் வியப்பான திருப்பம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு அரசு கொடுத்த குண்டு டிவி இருந்தது. அதன் திரையருகே காந்தத்தைக் கொண்டுபோய் நிறங்களைக் கலைத்துத் திட்டு வாங்காத பிள்ளைகள் குறைவு. அந்த டிவியின் படக்குழாய்க்குள் பாயும் எதிர்மின்வாய்க் கதிரைத்தான் 1897இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். குழாயில் எந்த வாயுவை நிரப்பினாலும், மின்வாயை எந்த உலோகத்தால் செய்தாலும், அந்த விகிதம் ஒன்றாகவே இருந்தது. ஹைட்ரஜன் அயனிக்குக் கிடைத்த விகிதத்தைவிட அது ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிது. ஆகவே இந்தத் துகள் ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இலேசானது, எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானது. இதைத்தான் இன்று எலக்ட்ரான் என்கிறோம். இன்றைய மதிப்பின்படி அதன் நிறை, ஹைட்ரஜனின் கருவான புரோட்டானின் நிறையை 1836ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவு.

அணு மின்நடுநிலை உடையது, உள்ளே எதிர்மின் துகள்கள் இருக்கின்றன. அப்படியானால் நேர்மின்சாரம் எங்கே? நேர்மின்சாரம் அணு முழுவதும் ஒரு கோளமாகப் பரவியிருக்கிறது, எலக்ட்ரான்கள் அதனுள் இருக்கின்றன என்று தாம்சன் 1904இல் விரிவாக எழுதினார். இதை நம் பள்ளிகளில் தர்பூசணிப் பழமும் விதையும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொன்னேன், பிறகு விட்டுவிட்டேன். விதைகள் பதிந்து கிடக்கின்றன. தாம்சனின் எலக்ட்ரான்களோ வட்ட வளையங்களில் சுற்றிவருபவை. எத்தனை எலக்ட்ரான்கள் எத்தனை வளையங்களில் நிலையாக இருக்க முடியும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து மெண்டலீவின் அட்டவணையில் பண்புகள் திரும்பத் திரும்ப வருவதை விளக்க அவர் முயன்றார். எலக்ட்ரான்களின் அடுக்கே வேதிப்பண்பைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் இன்றைய வேதியியலின் அடிப்படை. அதன் முதல் வடிவம் இந்தத் "தவறான" மாதிரியில் இருக்கிறது. அதே 1904இல் ஜப்பானின் நகாவோகா, நடுவில் கனமான நேர்மின் கோளமும் சுற்றிலும் சனிக்கோளின் வளையம்போல் எலக்ட்ரான்களும் கொண்ட ஓர் அணுவை முன்வைத்தார். படத்தைப் பார்த்தால் அவர்தான் உண்மைக்கு அருகில் நிற்கிறார். ஆனால் அந்தப் படத்தைத் தாங்க அன்று ஓர் அளவீடு இல்லை. வளையங்கள் நிலைத்திருக்காது என்ற எதிர்ப்பும் எழுந்தது.

அந்த அளவீடு டால்டனின் ஊரான மான்செஸ்டரில் கிடைத்தது. ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கெய்கரும், இருபது வயதே ஆன மாணவர் மார்ஸ்டெனும், கதிரியக்கப் பொருளிலிருந்து வெளிப்படும், நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகடுகளின் மீது செலுத்தினார்கள். பொன்னை எடுத்துக்கொண்டதன் காரணத்தை நம் தெற்காவணி மூல வீதிப் பொற்கொல்லர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்: அடித்து மெலிதாக்கப் பொன்னைப் போல் இணங்கும் உலோகம் வேறில்லை. ஒரு சென்டிமீட்டரில் ஒரு லட்சத்தில் நான்கு பங்கு தடிமனுள்ள தகடுகள் கிடைத்தன. அவ்வளவு மெலிதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அணு அடுக்குகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. நொடிக்கு 15,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் ஆல்ஃபா துகள்கள் இத்தனை அடுக்குகளையும் பெரும்பாலும் நேராகவே கடந்து சென்றன. 1909இல் அவர்கள் வெளியிட்ட செய்தி என்னவென்றால், மிகச் சில துகள்கள் வந்த பக்கமே திரும்பின. பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8000 துகள்களுக்கு ஒன்று அப்படித் திரும்பியது.

இந்த எண்ணை எப்படிப் பெற்றார்கள் என்பதை உங்கள் மகள் அறிந்துகொள்ள வேண்டும். மின்னணுக் கருவிகள் எவையும் இல்லை. துத்தநாக சல்பைடு பூசிய சிறு திரையில் துகள் படும்போது ஒரு பொட்டு ஒளி தோன்றி மறையும். இருட்டறையில் கண் பழகும் வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியாக அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பின்னர், 1913இல் ரூதர்ஃபோர்டின் சூத்திரத்தைச் சோதித்தபோது அவர்கள் எண்ணியது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டுகள்.

ஆல்ஃபா துகளின் நிறை எலக்ட்ரானைப் போல் ஏழாயிரம் மடங்குக்கும் மேல், ஆகவே எலக்ட்ரான்களால் அதைத் திருப்ப முடியாது. தாம்சன் சொன்னபடி நேர்மின்சாரம் அணு முழுவதும் பரவியிருந்தால், அதன் மின்புலம் எந்த இடத்திலும் போதிய வலிமை பெறாது. ஓர் அணு ஒரு பாகையில் சிறு பங்கே திருப்ப முடியும். பல அணுக்களின் சிறு திருப்பங்கள் தற்செயலாகக் கூடி ஒரு துகளைப் பின்னோக்கித் தள்ளுவதற்கு உள்ள வாய்ப்பு, கண்ட எண்ணுக்கு அருகில்கூட வராது. எனவே ஒரே மோதலில் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு மின்னூட்டமும் நிறையும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில் ரூதர்ஃபோர்டு நிறுவியது இவ்வளவே. அதில் "அணுக்கரு" என்ற சொல்லே இல்லை, "மையமின்னூட்டம்" என்றுதான் எழுதினார். அது நேர்மின்னா எதிர்மின்னா என்பதைக்கூடத் தம் சோதனை முடிவு செய்யவில்லை என்று நேர்மையாகக் குறிப்பிட்டார். எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்களைப் போலச் சுற்றுகின்றன என்று அவர் நிரூபித்ததாகப் பிள்ளைகள் எழுதுவது, அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதாகும்.

அளவை உணர்த்த நான் வகுப்பில் மீனாட்சியம்மன் கோயிலைத்தான் எடுத்துக்கொள்வேன். அதன் வெளிமதில் ஒரு பக்கம் ஏறத்தாழ 250 மீட்டர். பொன் அணுவை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் கரு நடுவில் கிடக்கும் ஒரு சுண்டைக்காய். ஹைட்ரஜன் அணுவை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் அதன் கரு ஒரு மிளகு. அணுவின் நிறை முழுவதும், ஏறக்குறைய, அந்தச் சுண்டைக்காயிலும் மிளகிலும்தான். ஆல்ஃபா துகள்கள் ஆயிரம் அடுக்குகளையும் தாண்டிப் போனதில் இனி வியப்பென்ன?

ஆனால் இந்த அணு நிலைக்க முடியாது. வட்டத்தில் சுற்றும் மின்னூட்டம் மின்காந்த அலையாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும் என்பது மேக்ஸ்வெல்லின் கொள்கையிலிருந்து தவிர்க்க முடியாமல் வருவது. கணக்குப் போட்டால், ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒன்றிரண்டு பங்குக்குள் எலக்ட்ரான் கருவில் விழுந்துவிடும். நாம் இருக்கிறோம் என்பதே ரூதர்ஃபோர்டின் அணுவுக்கு எதிரான சான்று. இவ்வளவு பெரிய முரண் இருந்தும் அந்தக் கட்டுரை வெளிவந்த காலத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை.

அந்த முரணைத் தீர்த்த அளவீடு நம் அடுப்படிக்கே வரக்கூடியது. திருஷ்டி சுற்றிய உப்பை நெருப்பில் போடும்போது சுடர் மஞ்சளாக எழும்புவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மஞ்சள் சோடியம் அணுவின் கையொப்பம்; அதன் அலைநீளம் எங்கே எரித்தாலும் ஏறத்தாழ 589 நானோமீட்டர். சிவகாசி வாணங்களில் ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும் தருவதும் இதே வகையானது, அவற்றில் ஒளிர்வது பெரும்பாலும் தனி அணுவாக இல்லாமல் அந்த உலோகங்களின் சிறு மூலக்கூறுகளாக இருந்தாலும். ஹைட்ரஜனின் ஒளியைப் பிரித்தால் 656, 486, 434, 410 நானோமீட்டர்களில் நான்கு கோடுகள் கண்ணுக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பால்மர், 1885இல், தம் அறுபதாவது வயதில், இந்த நான்கு எண்களையும் ஒரே சூத்திரத்தில் அடக்கினார். 364.56 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்; 9ஐ 5ஆல் வகுத்துப் பெருக்கினால் முதல் கோடு, 16ஐ 12ஆல் வகுத்துப் பெருக்கினால் இரண்டாவது, 25ஐ 21ஆல், 36ஐ 32ஆல் வகுத்துப் பெருக்கினால் மற்ற இரண்டும். மேலே இருப்பவை முழு எண்களின் வர்க்கங்கள், கீழே அவற்றில் 4 குறைவு. ஏன் இப்படி என்று அவருக்கும் தெரியாது, அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு வேறு எவருக்கும் தெரியாது. ஒரு பள்ளி ஆசிரியர் விட்டுச்சென்ற இந்தக் கணக்கை உங்கள் மகளை ஒருமுறை தானே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

1912இல் ரூதர்ஃபோர்டிடம் வந்திருந்த டென்மார்க்கின் நீல்ஸ் போர், அணுவை நிலைநிறுத்த ஒரு கட்டளை விதித்தார்: எலக்ட்ரானுக்குச் சில குறிப்பிட்ட பாதைகள் மட்டுமே உண்டு, அவற்றில் இருக்கும்வரை அது ஆற்றலை இழக்காது, ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டும், இரண்டின் ஆற்றல் வேறுபாட்டை ஒளியாக வெளியிடும். ஆற்றல் துண்டு துண்டாகவே கைமாறும் என்று 1900இல் பிளாங்க் தொடங்கிவைத்த குவாண்டம் கருத்தை அவர் இதற்குப் பயன்படுத்தினார். ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்கள் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது) 1, 4, 9, 16 ஆகியவற்றால் வகுத்துக் கிடைப்பவை என்று வந்தது. மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்குத் தாவினால் 1.89 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 656 நானோமீட்டர் சிவப்பு. பால்மரின் சூத்திரத்தில் கழிபட்ட 4 என்பது இரண்டாம் மட்டத்தின் வர்க்கம்தான்.

1913இல் இதை வெளியிட்டபோது பலர் இதை எண்களைப் பொருத்தும் விளையாட்டு என்றே நினைத்தார்கள். அவர்களை அசைத்தது ஒரு மிகச் சிறிய தசமம். விண்மீன்களில் கண்ட சில கோடுகளை ஹைட்ரஜனுடையவை என்று எல்லோரும் நம்பியிருக்க, அவை ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தினுடையவை என்றார் போர். அப்படியானால் ஹைட்ரஜனோடு ஒப்பிடும்போது விகிதம் சரியாக 4 வர வேண்டும், ஆனால் அளவீட்டில் 4.0016 வருகிறதே என்று ஆங்கிலேய வானியலர் ஃபௌலர் மறுத்தார். கரு அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டதால் வந்த வேறுபாடு அது, கருவும் சற்று அசைகிறது என்று சேர்த்துக்கொண்டால் 4.00163 வரும் என்று போர் பதில் எழுதினார். ஒரு மாதிரி எப்போது நம்பிக்கைக்கு உரியதாகிறது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். எதிர்ப்பாகக் கொண்டுவந்த எண்ணே அதற்குச் சாட்சியாகிவிட்டது.

அதே ஆண்டில் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களின் அலைவெண்களை அளந்து, தனிமங்களின் வரிசை எண்ணான அணு எண் என்பது கருவின் மின்னூட்டமே என்று காட்டினார். கோபால்ட்டின் அணு எடை நிக்கலைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தும் கோபால்ட் 27, நிக்கல் 28 என்ற வரிசை ஏன் சரியானது என்பது அப்போதுதான் விளங்கியது. 43, 61, 75 ஆகிய இடங்களில் இன்னும் காணப்படாத தனிமங்கள் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. அவர் 1915இல் கலிப்போலிப் போர்முனையில் கொல்லப்பட்டபோது வயது 27. இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

நான் பி.எஸ்சி. படித்தபோது, ஆய்வகத்தின் இருட்டறையில் நிறமாலைமானியின் தொலைநோக்கி வழியாகச் சோடியம் விளக்கைப் பார்த்தது நினைவிருக்கிறது. ஒரே மஞ்சள் கோடு என்று நினைத்தது, குவியத்தைச் சரிசெய்ததும் மெல்லிய இடைவெளியோடு இரண்டாகப் பிரிந்து நின்றது: 589.0, 589.6. அந்த இடைவெளியில் போரின் மாதிரி தோற்கிறது. அதற்கு இந்த இரட்டைக் கோடு புரியாது. இரண்டு எலக்ட்ரான்கள் உள்ள ஹீலியமே புரியாது. ஒரு கோடு மற்றொன்றைவிடப் பிரகாசமாக இருப்பதன் காரணமும் புரியாது. ஜெர்மானிய இயற்பியலர் சாமர்ஃபெல்டு 1916இல் வட்டப் பாதைகளோடு நீள்வட்டங்களையும் சேர்த்துச் சில நுண்பிரிவுகளை விளக்கினார். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு என்று 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் சொன்ன பிறகே இருட்டறையில் நான் பார்த்த அந்த இரட்டைக் கோட்டுக்கு விடை கிடைத்தது.

அந்தச் சாமர்ஃபெல்டு 1928இல் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவருடைய அணு நூலை ஊன்றிப் படித்திருந்தார். அந்தப் பெருமிதத்தோடு விடுதிக்குப் போய் அவரைப் பார்த்தார். அந்த நூல் எழுதப்பட்ட பிறகு எல்லாமே மாறிவிட்டது என்று நூலாசிரியரே மாணவரிடம் சொல்லி, புதிய குவாண்டம் இயக்கவியலைப் பற்றி விளக்கி, தமது புதிய கட்டுரையின் அச்சுப்படிகளையும் கொடுத்தார். உங்கள் மகளின் கேள்வியை அன்று கேட்டிருக்கக் கூடியவர் சந்திரசேகர்தான். அவர் படித்தது வீணாகவில்லை. பழையதை முழுதாக அறிந்திருந்ததால்தான் புதியது எந்த இடத்தில் விலகுகிறது என்பது அவருக்கு உடனே விளங்கியது. அந்தச் சந்திப்புக்குப் பின் சில மாதங்களிலேயே குவாண்டம் இயக்கவியலை ஒட்டிய புதிய புள்ளியியலைக் கொண்டு தம் ஆய்வுக்கட்டுரையை எழுதிவிட்டார்.

புதிதாக வந்தது என்ன? எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு என்று 1924இல் டி பிராய் சொன்னார். 1927இல் படிகங்களில் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி அது அலையைப் போலவே விளிம்புவிளைவு காட்டுவதைக் கண்டவர்களுள் ஒருவர் ஜி. பி. தாம்சன். தந்தை ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைத் துகளாகக் காட்டினார், மகன் அலையாகக் காட்டினார். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹைசன்பர்க் 1925இலும் ஷ்ரோடிங்கர் 1926இலும் வெவ்வேறு வழிகளில் புதிய இயக்கவியலை அமைத்தார்கள். எலக்ட்ரானுக்குப் பாதை என்று ஒன்று இல்லை. ஓரிடத்தில் அதைக் காண்பதற்கான நிகழ்தகவு மட்டுமே உண்டு என்று போர்ன் விளக்கினார். ஆர்பிட்டால் என்று பாடநூலில் வருவது அந்த நிகழ்தகவின் வடிவம். அதை மேகம் என்று சொல்வதால், எலக்ட்ரான் பஞ்சுபோல் பிய்ந்து பரவிக் கிடப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அளக்கும்போது எப்போதும் ஒரு முழு எலக்ட்ரானே கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டை ஹைட்ரஜனுக்குத் தீர்த்தால் ஆற்றல் மட்டங்கள் அதே 13.6ஐ 1, 4, 9, 16ஆல் வகுத்தவைதாம். கருவிலிருந்து எந்தத் தொலைவில் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு மிக அதிகம் என்று கேட்டால், போர் தம் முதல் வட்டத்துக்குச் சொன்ன அதே 0.053 நானோமீட்டர் விடையாக வருகிறது. மாறியது பாதை என்ற கருத்து. கூடவே, சுற்றும் இயக்கத்தின் அளவான கோண உந்தமும் மாறியது. மிகக் கீழ் மட்டத்தில் போர் ஓர் அலகு என்று சொன்னது உண்மையில் சுழி. அங்கே போர் எவ்வளவு தவறினார் என்று திட்டமாகச் சொல்லவும் முடிகிறது.

கருவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி அதைப் பற்றியதன்று. 1919இல் ரூதர்ஃபோர்டு நைட்ரஜனிலிருந்து ஹைட்ரஜன் கருவை வெளியேற்றி, அடுத்த ஆண்டில் அதற்குப் புரோட்டான் என்று பெயரிட்டார். 1932இல் சாட்விக் கருவிலுள்ள மின்னூட்டமற்ற துகளான நியூட்ரானைக் கண்டறிந்தார். புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருப்பவையாக 1964இல் கணிக்கப்பட்ட குவார்க்குகளின் தடயம் 1968இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிடைத்தது, அதுவும் எலக்ட்ரான்களை மோதவிட்டு, எதிர்பாராத அளவுக்கு அகன்று திரும்பியவற்றை எண்ணியே. கெய்கரும் மார்ஸ்டெனும் இருட்டறையில் செய்ததையே பல மடங்கு ஆற்றலில் செய்தார்கள்.

இனி, இப்போதுள்ளதும் நாளை தவறாகுமா என்ற பகுதி. அணு இருக்கிறது என்பது இனி மாறாது. 1955இல் அமெரிக்காவில் எர்வின் முல்லரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பகதூரும் டங்ஸ்டன் ஊசி முனையில் தனித்தனி அணுக்களின் உருவத்தைப் பார்த்துவிட்டார்கள். கரு சிறியது, எலக்ட்ரான்களின் அமைப்பே வேதியியல், ஆற்றல் மட்டங்கள் படிப்படியானவை ஆகிய இவை எந்தப் புதிய கொள்கையிலும் இருந்தே தீரும். மாற்றம் வந்தால் தசமத்தின் கடைசி இடங்களில் வரும், அங்கேதான் தேடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

2010இல் சுவிட்சர்லாந்தில் ஒரு குழு, ஹைட்ரஜனின் எலக்ட்ரானை எடுத்துவிட்டு அதனிடத்தில் அதைவிட 207 மடங்கு கனமான மியூவானை வைத்து அளந்தது. பாதையின் ஆரம் துகளின் நிறைக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும் என்பது போரின் 1913ஆம் ஆண்டுச் சூத்திரத்திலேயே இருக்கிறது. அதன்படி மியூவான் புரோட்டானுக்கு ஏறத்தாழ இருநூறு மடங்கு நெருக்கமாக நிற்கும், புரோட்டானின் பருமனை அதிகம் உணரும். அதுவரை 0.88 ஃபெம்டோமீட்டர் என்று நம்பப்பட்ட புரோட்டானின் ஆரம் அந்த அளவீட்டில் 0.84 என்று வந்தது. ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதில் இந்த நான்கு சதவீத வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பத்தாண்டுகள் பல ஆய்வகங்கள் உழைத்தன. 2019இல் சாதாரண ஹைட்ரஜனிலும் எலக்ட்ரான் சிதறலிலும் வெளியான புதிய அளவீடுகள் சிறிய ஆரத்தின் பக்கமே சாய்ந்தன. பால்மர் நான்கு கோடுகளைக் கொண்டு கணக்குப் போட்ட அதே ஹைட்ரஜனைத்தான் அவர்கள் இன்னமும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.